தண்ணீர் எது வரைக்கும் வந்தது

தண்ணீர் எங்கள் வீட்டுக்குள் முதலில் வாசல் வழியாக வரவில்லை. குளியலறைத் தரையில் இருக்கும் கழிவு ஓட்டை வழியாக மேலே ஏறி வந்தது. அதனால்தான் எனக்குப் புரிவதற்கே நேரமானது.

அன்று மழையே இல்லை. முந்தைய நாட்களில் ஏற்காட்டு மலையில் விடாமல் கொட்டியிருந்தது, சேலம் டவுனுக்குள்ளும் நல்ல மழை. ஆனால் அன்று காலையில் வானம் வெளுத்துப் பளிச்சென்று வெயில் அடித்தது. சேர்ந்து கிடந்த துணியையெல்லாம் துவைத்து மாடிக் கொடியில் போட்டுவிட்டு வந்து, மதியம் மாமனாருக்கு ரசம் சாதம் பிசைந்து ஊட்டிக்கொண்டிருந்தேன். குளியலறையில் யாரோ வாய் கொப்பளிக்கிற மாதிரி ஒரு சத்தம் கேட்டது. குழாயை மூட மறந்துவிட்டேன் போல என்று எழுந்து போனேன். குழாய் மூடித்தான் இருந்தது. தரையில் சல்லடை மூடி தள்ளிக் கிடக்க, அந்த ஓட்டையிலிருந்து கறுப்பாகத் தண்ணீர் குமிழி விட்டுக்கொண்டு வந்தது.

மூடியைத் திரும்ப வைத்து, மேலே ஒரு வாளியைக் கவிழ்த்தேன். வாளி ஆடியது. சாக்கைக் கொண்டுவந்து திணிக்கலாம் என்று திரும்பிய நேரத்தில் தெருவில் ஒரு பெண் கத்தினாள். "ஏரி ஒடைஞ்சிருச்சு! ஏரி ஒடைஞ்சிருச்சு!"

ஏரி உடையவில்லை என்று பிறகு சொன்னார்கள். நிரம்பி வழிந்திருக்கிறது, வழிந்த தண்ணீர் போக வேண்டிய ஓடை எங்கள் நகர் இருக்கும் இடத்தின் வழியாகத்தான் போகிறது, அவ்வளவுதான் என்றார்கள். ஆனால் அந்தக் குரலை நான் இன்னும் மறக்கவில்லை. இப்போதும் தெருவில் யாராவது உரக்கக் கூப்பிட்டால் எனக்கு முதலில் அதுதான் கேட்கிறது.

நாங்கள் குடியிருந்தது கீழ் வீடு. மாடியில் வீட்டு ஓனரும் அவர் மனைவியும் இருந்தார்கள். என் கணவர் ரிக் வண்டியில் போய்விடுவார். போர்வெல் போடுகிற அந்த லாரியோடு சத்தீஸ்கர் பக்கம் போனால் திரும்பி வர மாதக்கணக்காகும். மகள் நாமக்கல்லில் ஹாஸ்டலில் தங்கிப் படிக்கிறாள். ஆக வீட்டில் நானும் மாமனாரும்தான். அவர் மல்லசமுத்திரம் பக்கம் விவசாயம் பார்த்தவர். வாதம் வந்து வலது பக்கம் மொத்தமாக விழுந்துவிட்டது. பேச்சும் குழறும். ஆஸ்பத்திரிக்குப் பக்கமாக இருக்க வேண்டும், படி ஏறக் கூடாது என்று தேடித்தான் இந்த வீட்டைப் பிடித்தோம். படி ஏறக் கூடாது என்பது அப்போது எவ்வளவு சின்ன விஷயமாக இருந்தது.

நான் திரும்பி ஓடி வந்தபோது தண்ணீர் வாசல்படியையும் தாண்டிவிட்டது. சோற்றுத் தட்டு தரையில் மிதந்து சுவர் ஓரமாகப் போனது. மாமனார் கட்டிலில் சாய்ந்து உட்கார்ந்தபடி அந்தத் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். "மாமா, ஒண்ணுமில்லீங்க, ஒண்ணுமில்லீங்க" என்று சொல்லிக்கொண்டே அவர் அக்குளில் கை கொடுத்துத் தூக்கிப் பார்த்தேன். அசைக்க முடியவில்லை. வாதம் விழுந்த உடம்பு எவ்வளவு கனம் என்று தூக்கிப் பார்த்தவர்களுக்குத்தான் தெரியும். அதற்குள் முழங்கால் நனைந்துவிட்டது. ஃப்ரிட்ஜ் ஒரு பக்கமாகச் சாய்ந்து, தொப்பென்று விழாமல், மெதுவாகப் படுத்துக்கொண்டது. சமையலறையிலிருந்து சிலிண்டர் தானாக உருண்டு வந்து கதவில் இடித்தது. எனக்குக் குரலே வரவில்லை. கத்த வேண்டும் என்று வாயைத் திறக்கிறேன், காற்றுதான் வருகிறது.

ஓனர்தான் வந்தார். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு படியில் இறங்கி, இடுப்பளவு தண்ணீரில் நடந்து உள்ளே வந்தார். எதிர் வீட்டுக்காரரையும் கையோடு கூட்டி வந்திருந்தார். அந்த எதிர் வீட்டுக்காரர் லாரி புக்கிங் ஆபீஸில் வேலை பார்த்து ரிட்டையர் ஆனவர், அவருக்கே சுகர், பிரஷர் எல்லாம் உண்டு. "சேர் எங்க? பிளாஸ்டிக் சேர் எங்கீங்க?" என்று ஓனர் கத்தினார். சேரும் மிதந்துகொண்டுதான் இருந்தது. அதில் மாமனாரை உட்காரவைத்து என் சேலை ஒன்றால் கட்டி, மூன்று பேருமாகத் தூக்கினோம். தூக்கும்போது கட்டில் மெத்தை தண்ணீரில் நனைந்து கனத்திருந்ததைப் பார்த்தேன். மாமனார் இடது கையால் என் கழுத்தைப் பிடித்திருந்தார். பிடி அப்படி இறுகியது. மூச்சு முட்டியது. விடச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

மாடியில் உட்காரவைத்த பிறகும் அவர் கையை விடவில்லை. "சாமி... சாமி..." என்று மட்டும் சொல்லிக்கொண்டிருந்தார். வெயில் இன்னும் அடித்துக்கொண்டிருந்தது. நான் காயப்போட்ட துணி அங்கேயே காய்ந்து ஆடிக்கொண்டிருந்தது.

தண்ணீர் வடியும் வரை ஓனர் வீட்டு ஹாலிலேயே தங்கினோம். அவர் மனைவி மாமனாருக்குக் கஞ்சி காய்ச்சிக் கொடுத்தார், முகம் சுளிக்காமல் பார்த்துக்கொண்டார். அதை மறக்கக் கூடாது. பின்னால் நடந்ததையெல்லாம் சொல்லும்போது இதையும் சொல்லியாக வேண்டும்.

வடிந்த பிறகு கீழே போய்ப் பார்த்தால் சுவர் முழுக்க ஒரே மட்டத்தில் கோடு. கயிறு பிடித்து வரைந்த மாதிரி. கட்டில் மெத்தைக்கு மேலே ஒரு சாண் இருக்கும். சேறு வாரி, பினாயில் ஊற்றிக் கழுவிக் கழுவி என் கைத்தோல் உரிந்துவிட்டது. அப்புறமும் நாற்றம் போகவில்லை.

நகரில் எல்லா வீட்டிலும் கீழ்த்தளத்துக்காரர்கள் சாமான்களை டெம்போவில் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். சேறு காய்வதற்குள் தெருவுக்கு நாலு வீட்டு கேட்டில் "வீடு வாடகைக்கு" அட்டை தொங்கியது. எல்லாமே கீழ் வீடு. மாடி வீடு ஒன்றுகூட இல்லை. எங்கள் தெருமுனையில் ஒற்றை அறை மாடி ஒன்று, தகரம் போட்டது, வெயில் காலத்தில் யாரும் சீந்தாதது. அதற்கு மூன்று குடும்பம் ஒரே நேரத்தில் வந்து நின்று, கடைசியில் வாய்ச்சண்டையே வந்துவிட்டது.

கணவருக்கு போன் போட்டு அழுதேன். "ஏம்புள்ள, அழுவாத. மேட்டுப் பக்கமாப் பாத்து ஒரு ஊடு புடி. கூடக் கொறைய ஆனாலும் சரி" என்றார். பின்னால் ரிக் இரைந்துகொண்டிருந்தது. அங்கே அவர்கள் தண்ணீர் தேடிப் பூமியைத் துளைத்துக்கொண்டிருந்தார்கள்.

ஒரு புரோக்கரைப் பிடித்தேன். ஸ்கூட்டரில் இரண்டு ஹெல்மெட்டோடு வருகிற நடுவயதுக்காரர், வாய் ஓயாமல் பேசுவார். "அக்கா, இப்ப டவுனே ரெண்டாப் போச்சுங்க. மேடு, பள்ளம். முன்னாடி பஸ் ஸ்டாப் பக்கமா, ஸ்கூல் பக்கமான்னு கேப்பாங்க. இப்ப எடுத்த ஒடனே தண்ணி வந்துச்சான்னு கேக்கறாங்க" என்றார். மேட்டுப் பக்கத்து மாடி வீடுகளின் வாடகை ஒரே மாதத்தில் எங்கேயோ போய்விட்டது. அதைவிட மோசம் அட்வான்ஸ். நாங்கள் பள்ளத்திலிருந்து வருகிறோம் என்று தெரிந்தாலே சொன்ன தொகையை ஏற்றினார்கள். வேறு வழியில்லாதவர்கள் என்று எங்கள் முகத்திலேயே எழுதியிருந்தது போல.

எங்களுக்கு மாடி ஆகாது. மேட்டுப் பக்கத்தில் கீழ் வீடாக வேண்டும். அப்படி ஒன்று அஸ்தம்பட்டி பக்கம் கிடைத்தது. தெருவே மேட்டில் இருந்தது, தண்ணீர் நிற்க வழியே இல்லை. வீட்டுக்கார அம்மா நன்றாகப் பேசினார். என்ன வேலை, எந்த ஊர், எத்தனை பேர் என்றெல்லாம் விசாரித்தார். மாமனாரைப் பற்றிச் சொன்னேன். அவர் முகம் மாறியது எனக்கு நன்றாகத் தெரிந்தது.

"படுத்த படுக்கைங்களா?"

"எந்திரிச்சு உக்காருவாருங்க. கையப் புடிச்சா பாத்ரூம் வரைக்கும் நடப்பாருங்க."

"தப்பா எடுத்துக்காதீங்க. பொண்ணுக்குக் கல்யாணம் வெச்சிருக்கறோம். ஒண்ணு கெடக்க ஒண்ணு ஆயிட்டா..." என்று நிறுத்திக்கொண்டார்.

சாவு என்ற சொல்லை அவர் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. காபி கொடுத்தார், குடித்துவிட்டு வந்தேன். அடுத்த வீட்டில் சொல்லாமல் மறைத்துப் பார்த்தேன். புரோக்கரே சொல்லிவிட்டார். அதற்கடுத்த வீட்டில் வீட்டுக்காரர் நேராகவே கேட்டார், "எத்தன நாளைக்கு இருப்பாரு?" என்று. வீட்டில் எத்தனை நாள் என்று கேட்டாரா, உயிரோடு எத்தனை நாள் என்று கேட்டாரா, எனக்குத் தெரியவில்லை. அங்கிருந்து கிளம்பி வந்துவிட்டேன்.

அப்போதுதான் எனக்கு இன்னொரு பயம் பிடித்தது. தண்ணீர் வந்தபோது இருந்தது ஒரு பயம், அது உடம்பில் இருந்தது. இது வேறு. படி ஏற முடிந்தவர்கள் எல்லாரும் ஏறிப் போய்விட்டார்கள். இந்த டவுனில் கீழே இருக்கப் போவது ஏற முடியாதவர்கள் மட்டும்தான் என்று தோன்றியது. எங்கள் தெருவிலேயே யார் மிச்சம் என்று பார்த்தேன். மூட்டு வலிக்காரர்கள், கைக்குழந்தைக்காரி ஒருத்தி, நாங்கள். அடுத்த தடவை தண்ணீர் வந்தால் தூக்க யார் இருப்பார்கள்?

திரும்பவும் அதே கீழ் வீட்டுக்கே போனோம். ஓனர் வாடகையைப் பாதியாகக் குறைத்தார். கருணையால் மட்டுமில்லை, அவரே சொன்னார். "நான் இதை விக்கப் போறேனுங்க. பூட்டிக் கெடந்தா பாக்க வர்றவங்க சந்தேகப்படுவாங்க. ஆள் பொழங்கற ஊடுன்னா நம்பிக்கை வரும். நீங்க இருங்க."

"வித்துட்டு எங்க போவீங்க?"

"கோயமுத்தூரு. பையன் கூப்பிடறான்." பிறகு, "எனக்கு இது ஒண்ணுதானுங்க இருக்குது. சம்பாரிச்சது முச்சூடும் இதுலதான் கெடக்குது. தண்ணி வந்த ஊடுன்னு பேரு நெலச்சுப் போச்சுன்னா நான் எதைக் கொண்டு போயிப் பையன் முன்னால நிப்பேன்?" என்றார். அவர் கண்ணில் இருந்தது என் பயம்தான். அதை அடையாளம் கண்டுகொள்ள எனக்கு அதிக நேரம் ஆகவில்லை.

மாசி மாதத்தில் பெயிண்டர் வந்தார். பட்டி பார்த்து, பச்சையாக இருந்த சுவரை இளம் மஞ்சளாக அடித்தார். கோடு மறைந்துவிட்டது. எலக்ட்ரீசியன் வந்து முழங்கால் உயரத்தில் இருந்த பிளக் பாயிண்டையெல்லாம் பிடுங்கி நெஞ்சு உயரத்துக்கு மாற்றினார். எங்கள் தெருவில் எல்லா வீட்டிலும் அந்த வேலை நடந்தது. டவுன் முழுக்கப் பெயிண்ட் கடையில் கூட்டம் என்று புரோக்கர் சொன்னார். அவர் இப்போது ஓனருக்காகவும் வேலை பார்த்துக்கொண்டிருந்தார். மழை ஓய்ந்து மூன்று மாதம்தான் ஆகியிருக்கும், அதற்குள் அவர் பேச்சே மாறிவிட்டது. "அம்பது வருசத்துக்கு ஒருக்கா வர்றதுங்க அது. இனி நம்ம காலத்துல வராது" என்று வருகிறவர்களிடமெல்லாம் அடித்துச் சொன்னார். யார் அவருக்கு அந்தக் கணக்கைச் சொன்னார்கள் என்று தெரியவில்லை.

ஓனர் ஒரு நாள் சாயங்காலம் இறங்கி வந்து, மாமனார் கட்டிலுக்குப் பக்கத்தில் சேரைப் போட்டு உட்கார்ந்தார். நலம் விசாரித்தார். எழும்போது என்னிடம் மெதுவாகச் சொன்னார். "நாளைக்கு எடப்பாடியிலிருந்து ஒரு பார்ட்டி வர்றாங்க. நீங்க பொய்யெல்லாம் சொல்ல வேண்டாமுங்க. சும்மா இருந்தாப் போதும்."

நான் தலையாட்டினேன். இவர் இடுப்பளவு தண்ணீரில் நடந்து வந்த மனிதர். இவர் வராமல் இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதை நான் நினைத்துப் பார்க்கக்கூட விரும்பவில்லை. சும்மா இருப்பது என்ன பெரிய காரியம்?

எடப்பாடியிலிருந்து வந்தது கணவன் மனைவி இருவர். தறி ஓட்டுகிறவர்கள், சொந்தமாக நாலு பவர்லூம் வைத்திருக்கிறார்கள் என்று புரோக்கர் சொல்லியிருந்தார். அந்தப் பெண் என்னைவிட இளையவள். இடுப்பில் ஒரு பெண் குழந்தை. ஆண்கள் மூவரும் பத்திரம், பட்டா என்று பேசிக்கொண்டு மாடிக்கும் மொட்டை மாடிக்குமாகப் போய் வந்தார்கள். அவள் கீழ் வீட்டில் நின்று எல்லாவற்றையும் பார்த்தாள். சுவரைக் கையால் தடவினாள். நெஞ்சு உயரத்தில் இருந்த பிளக் பாயிண்டை ஒரு நிமிஷம் பார்த்தாள். பிறகு என்னிடம், "தண்ணி வசதியெல்லாம் எப்படீங்க அக்கா?" என்றாள்.

"போர் இருக்குதுங்க. கார்ப்பரேசன் தண்ணியும் வரும்" என்றேன். என் குரல் எனக்கே அந்நியமாக இருந்தது.

அப்போது ஆண்களும் உள்ளே வந்தார்கள். குளியலறையைக் காட்டுவதற்காக ஓனர் குழாயைத் திறந்துவிட்டார். தண்ணீர் வாளியில் விழுகிற சத்தம் கேட்டதும் மாமனார் நிமிர்ந்து உட்கார்ந்தார். வெள்ளத்துக்கு அப்புறம் அந்தச் சத்தம் அவருக்கு ஆவதே இல்லை. நான் வாளியைச் சாய்த்துவைத்து, சத்தம் வராமல்தான் தண்ணீர் பிடிப்பேன். அவர் நல்ல கையைத் தூக்கிச் சுவரில் ஓர் இடத்தில் வைத்தார். கட்டிலுக்கு மேலே ஒரு சாண் உயரத்தில். "தண்ணி... இங்க... இங்க வந்துச்சு" என்றார். குழறினாலும் எல்லோருக்கும் கேட்டது.

ஓனர் குழாயை மூடிவிட்டு வந்து சிரித்தார். "வயசாயிருச்சுங்க. வாதம் வந்ததிலிருந்து என்னென்னமோ பேசறாரு. பாவம்."

மாமனார் கையை எடுக்கவில்லை. என்னைப் பார்த்தார். அந்தப் பெண்ணும் என்னைப் பார்த்தாள்.

"அக்கா, என்னுங்க சொல்றாரு?"

சொன்னால் ஓனர் எங்களை என்ன செய்வார்? எங்களை ஏற்க இந்த டவுனில் வேறு வீடு இல்லை என்பது எனக்கு நன்றாகத் தெரியும். சொல்லாவிட்டால் மாமனாரைப் புத்தி கெட்டவராக ஆக்கி உட்காரவைக்க வேண்டும், அவர் கண் முன்னாலேயே. அந்தக் குழந்தை என் தண்ணீர்க் குடத்தைத் தட்டித் தட்டிச் சிரித்துக்கொண்டிருந்தது.

"ஆமாங்க" என்றேன். "தண்ணி வந்துச்சுங்க. அவரு கை வெச்சிருக்கற எடம் வரைக்கும் வந்துச்சு. அன்னிக்கு இவரு வந்து தூக்கலைன்னா மாமா இருந்திருக்க மாட்டாரு" என்று ஓனரைக் காட்டினேன். கடைசியில் சொன்னதை ஏன் சேர்த்துச் சொன்னேன் என்று தெரியவில்லை. அவரைக் காட்டிக்கொடுத்த அதே வாயால் அவருக்கு ஏதாவது கொடுக்க வேண்டும் போல இருந்தது.

ஓனர் முகம் வெளுத்துவிட்டது. அவர் கோபப்படவில்லை. கட்டில் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு நின்றார். புரோக்கர்தான் என்னவோ சொல்ல வாயெடுத்தார்.

அந்தப் பெண் அவரைப் பார்த்துக் கையை உயர்த்தினாள். "தெரியுங்க. தண்ணி வந்த ஊடுன்னு தெரிஞ்சுதானுங்க வந்தோம். இல்லாட்டி இந்த டவுனுக்குள்ள, இந்த வெலைக்கு, எங்களுக்கு ஊடு கெடைக்குமுங்களா?" என்றாள். பிறகு என் பக்கம் திரும்பினாள். "எது வரைக்கும் வந்துச்சுன்னுதான் யாருமே சொல்ல மாட்டீங்கறாங்க அக்கா. இந்தத் தெருவுல பத்துப் பேரைக் கேட்டுட்டோம். ஒருத்தரு கணுக்காலுங்கறாரு, ஒருத்தரு வாசல்ல நின்னுருச்சுங்கறாரு. மட்டம் தெரிஞ்சாத்தான மேல எதை வெக்கறது, கீழ எதை வெக்கறதுன்னு தெரியும்?"

அவள் கணவர் வந்து மாமனார் கை இருந்த இடத்துக்கு நேராகத் தன் இடுப்பை அளந்து பார்த்துக்கொண்டார். மாமனார் அப்போதுதான் கையை இறக்கினார்.

அவர்கள் வாங்கினார்கள். ஆனால் விலையை இன்னும் இறக்கிக் கேட்டார்கள். ஓனர் ஒத்துக்கொண்டார். வேறு ஆள் வருவதற்குள் அடுத்த மழைக்காலம் வந்துவிடுமோ என்ற பயம் அவருக்கு. சொன்னது நான், நஷ்டம் அவருக்கு. கிரயம் முடிந்து ஓனர் வீட்டார் சாமான் ஏற்றிய நாளில் நான் வாசலில் நின்றேன். அவர் மனைவி என் கையைப் பிடித்தார், கண்ணைத் துடைத்தார். ஓனர் உள்ளே போய் மாமனாரின் காலைத் தொட்டு, "போயிட்டு வாரேனுங்க" என்றார். என்னைக் கடந்து போகும்போது என் பக்கம் திரும்பவில்லை. பிறகு அவரிடமிருந்து போன் எதுவும் இல்லை. நானும் போடவில்லை. போட்டால் என்ன பேசுவது?

புதிதாக வந்தவர்கள் மாடியில் குடியேறினார்கள். எங்களைக் காலி செய்யச் சொல்லவில்லை. அவள் முதல் நாளே இறங்கி வந்து, "அக்கா, மழை கட்டுனா மாமாவை மேல கூட்டிட்டு வந்துருங்க. ஹால்ல எடம் இருக்குது. நாங்க வந்து கூப்பிடோணும்னு இல்ல" என்றாள்.

கோடையில் டவுன் எல்லாவற்றையும் மறந்தது. ஏரி வற்றிப் பையன்கள் அதில் கிரிக்கெட் ஆடினார்கள். "வீடு வாடகைக்கு" அட்டைகள் ஒவ்வொன்றாகக் கீழே இறங்கின. வெளியூரிலிருந்து மாற்றலாகி வந்தவர்கள், புதிதாகக் கல்யாணம் ஆனவர்கள் என்று கீழ் வீடுகள் நிரம்பின. வாடகை பழையபடி ஏறியது. எதிர் வரிசையில் ஒரு குடும்பம் வந்தது, கன்னியாகுமரிப் பக்கம் என்றார்கள். பிளக் பாயிண்ட் ஏன் இவ்வளவு மேலே இருக்கிறது என்று அந்தப் பெண் என்னிடம் கேட்டாள். சொன்னேன். அவள் கேட்டுக்கொண்டு, "எங்க ஓனர் சின்னப் பிள்ளைங்க கை வைக்கக் கூடாதுன்னு அப்படி வெச்சதா சொன்னாரே" என்றாள்.

ஐப்பசி பிறந்ததும் எனக்குச் சோறு இறங்கவில்லை. போனில் வானிலையைப் பார்ப்பதே வேலையாகிவிட்டது. ஏற்காட்டு மலை மேல் கறுத்தால் போதும், குளியலறை ஓட்டையைப் போய்ப் பார்ப்பேன். ஒரு நாள் காலையிலிருந்தே கொட்டியது. மதியத்துக்குள் தெருவில் தண்ணீர் ஓட ஆரம்பித்தது. நான் குளியலறை ஓட்டையின் பக்கத்திலேயே குந்திக்கொண்டிருந்தேன். அது கொப்பளித்த அந்த நிமிஷமே மேலே பார்த்துக் கத்தினேன். இந்தத் தடவை குரல் வந்தது.

மாடிக்காரர்கள் இருவரும் ஓடி வந்தார்கள். மாமனார் எதிர்க்கவில்லை, குழந்தை மாதிரிக் கையை நீட்டினார். தண்ணீர் உள்ளே ஏறுவதற்குள் கொண்டுபோய்ச் சேர்த்தோம். மாடிக் கைப்பிடிச் சுவர் ஓரமாக நின்று பார்த்தால் தெரு முழுக்கச் செம்மண் நிறத் தண்ணீர், ஒரு ஜோடி செருப்பு மிதந்து போனது. எதிர் வரிசையில் கன்னியாகுமரிக்காரப் பெண் கீழ் வீட்டு ஜன்னலைப் பிடித்துக்கொண்டு எங்களைப் பார்த்துக் கத்தினாள். என்ன சொல்கிறாள் என்று மழையில் கேட்கவில்லை. அவள் வீட்டு மாடியிலிருந்து யாரோ இறங்கி வந்து அவளைக் கூட்டிப் போனதைப் பார்த்த பிறகுதான் நான் மூச்சு விட்டேன்.

அந்த நேரத்தில் புரோக்கர் போன் செய்தார். "அக்கா, பத்திரமா இருக்கறீங்களா?" என்று கேட்டுவிட்டு, "உங்க பக்கம் மாடி ஊடு ஏதாச்சும் காலியாகற மாதிரி இருக்குதுங்களா? இப்பவே நாலு பேரு கேட்டுட்டாங்க" என்றார். தண்ணீர் இன்னும் ஏறிக்கொண்டிருந்தது. போனை வைத்துவிட்டேன்.

அந்தத் தடவை கணுக்கால் அளவோடு நின்றுவிட்டது. மழை விட்டதும் நானும் மாடிக்காரப் பெண்ணுமாகக் கீழே இறங்கிச் சேற்றை வாரினோம். வாரிக்கொண்டே இருந்தவள் திடீரென்று துடைப்பத்தை நிறுத்திக் கேட்டாள். "அக்கா, நீங்க காலி பண்ணீட்டுப் போயிருவீங்களா?"

அவள் கேட்ட விதத்தில் இருந்தது எனக்குத் தெரிந்த பயம்தான். கடன் வாங்கி வாங்கிய வீடு, கீழ் வாடகை வந்தால்தான் தவணை கட்ட முடியும். நாங்கள் போய்விட்டால் இனி அடுத்த கோடை வரை கீழே யாரும் வர மாட்டார்கள்.

"எங்கீங்க போறது?" என்றேன். "மேட்டுல எங்களுக்கு யாரு ஊடு குடுப்பா?"

அவள் அதற்குச் சந்தோஷப்படவும் இல்லை, வருத்தப்படவும் இல்லை. "மாமா மேலயே இருக்கட்டுமுங்க, கார்த்திகை முடியற வரைக்கும்" என்று சொல்லிவிட்டு மறுபடி வார ஆரம்பித்தாள்.

அப்படியே செய்தோம். கார்த்திகை முடிந்தும் வானம் தெளியவில்லை. மார்கழியிலும் இரண்டு நாள் கொட்டியது. நான் கீழே சமைத்து மேலே கொண்டுபோய் ஊட்டினேன், ஒவ்வொரு முறை படி ஏறும்போதும் திரும்பித் திரும்பித் தெருவைப் பார்த்தபடி.